கிட்டாரை அச்சு எடுக்க ஒரு அரைப் பென்சில்

வாரம் முழுக்க ஆபீஸ்ல கோடு எழுதறோம், இன்னைக்கு ஒரு மாறுதலுக்கு பென்சிலால கோடு போடலாம். ஒரு கிட்டாரைப் பேப்பர் மேல படுக்க வச்சு, அதோட உருவத்தைச் சுத்தி வரைஞ்சு எடுக்கணும். எல்.கே.ஜி.யில உள்ளங்கையை வச்சு வரைஞ்சோமே, அதேதான். ஆனா இதுல 2 மி.மீ. தப்பினாலே வேலைக்கு ஆகாது.

எதுக்கு இவ்வளவு கறார்? என் நண்பன்கிட்ட அவன் அப்பா வாசிச்ச அக்கூஸ்டிக் கிட்டார் ஒண்ணு இருக்கு. கொல்கத்தாவுல செஞ்ச பழைய பீஸ், உள்ள லேபிள்கூட கிடையாது. சென்னை ஈரக்காத்துல பின்பலகை பசை விட்டு ஓரமா வாயைத் திறந்துடுச்சு. அதை முழுசா கழட்டித்தான் ஒட்டணும்னு ரிப்பேர் பண்ற அண்ணன் சொல்லிட்டார். சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது. கிட்டாரோட பக்கப் பலகைங்கிறது சூடு காட்டி வளைச்ச மரம், ஏறக்குறைய 2 மி.மீ. கனம்தான். முன்பலகையும் பின்பலகையும் ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கிறதாலதான் அது அந்த வளைவுல நிக்குது. ஒரு பலகையைக் கழட்டினா கொஞ்சம் விரிய வாய்ப்பு இருக்கு. விரிஞ்சுட்டா, பழைய பின்பலகை திரும்ப ஓரத்தோட ஓரம் உட்காராது. அதனால கழட்டறதுக்கு முன்னாடியே அதே வடிவத்துல ஒரு பிளைவுட் சட்டம் அறுத்து, பாடியை அதுக்குள்ள இறுக்கி வச்சுக்கணும்.

1954-ல வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி பிரபலமான மாடல்னா கவலையே இல்லை, நெட்ல வரைபடம் தேடினாக் கிடைச்சுடும். இந்தக் கிட்டாருக்கு வரைபடம்னு ஒண்ணு இருந்தா, அது அதோட உடம்புதான். அதையும் கழட்டறதுக்கு முன்னாடி மட்டும்தான் படிக்க முடியும்.

நம்ம ஆளுங்களுக்கு உடனே வர்ற யோசனை: மேலேர்ந்து ஒரு போட்டோ எடுத்து, இங்க்ஸ்கேப்ல போட்டு டிரேஸ் பண்ணிடலாமே? கணக்குப் போட்டுப் பாருங்க. போன் தரையிலிருந்து 1500 மி.மீ. உயரத்துல இருக்கு. அளவுக்காக ஒரு ஸ்கேலைத் தரையில வைக்கிறீங்க. கிட்டாரோட முன்பலகை தரையிலிருந்து 100 மி.மீ. மேல இருக்கு, அதாவது கேமராவுக்கு 1400 மி.மீ. தூரத்துல. 1500-ஐ 1400-ஆல வகுத்தா 1.07. 400 மி.மீ. அகலம் போட்டோவுல 428-னு வரும். ஸ்கேலை முன்பலகை மேலேயே வச்சா இந்தப் பிழை போயிடும், ஒத்துக்கறேன். ஆனா போன் லேசா சாஞ்சிருந்தாலோ, லென்ஸ் ஓரத்துல வளைச்சுக் காட்டினாலோ அது அப்படியேதான் இருக்கும். போட்டோ ஞாபகத்துக்கு வச்சுக்கலாம், மரம் அறுக்க வேண்டாம்.

சரி, சாதாரணப் பென்சில்? அதோட கனம் சுமார் 7 மி.மீ., லீட் நடுவுல இருக்கு. பென்சிலை எவ்வளவு நேரா பிடிச்சாலும் கோடு மரத்துலேர்ந்து 3.5 மி.மீ. தள்ளித்தான் விழும். ரெண்டு பக்கமும் சேர்த்தா 7. இதுல கை சாயறது வேற தனிக்கணக்கு.

இதுக்கு இருக்கிற மருந்துதான் அரைப் பென்சில். புதுப் பென்சில் ஒண்ணு எடுங்க, ஹெச் கிரேடுன்னா கோடு மெல்லிசா வரும். சீவாம, உப்புத்தாள் மேல படுக்க வச்சு நீளவாக்குல தேய்ச்சுக்கிட்டே இருங்க. ஒரு பக்கம் முழுக்கத் தட்டையாகி, நடுவுல லீட் ஒரு கறுப்புக் கோடா தெரியணும். பாதி லீட் போற வரைக்கும் தேய்க்கலாம். அப்புறம் முனையைப் பின்பக்கத்துலேர்ந்து மட்டும் உளி மாதிரி சீவுங்க. இப்போ எழுதற முனை தட்டையான பக்கத்துலயே இருக்கும். அந்தப் பக்கத்தைக் கிட்டாரோட ஒட்டிப் பிடிச்சு நகர்த்தினா, இடைவெளியே இல்லாம கோடு விழும். புதுப் பென்சில் 17 செ.மீ.க்கு மேல நீளம், பாடியோட ஆழம் சுமார் 10 செ.மீ. அதனால அது பக்கப் பலகையில முழுசா சாஞ்சு நிக்கும், சாயறதுக்கு இடமே இல்லை. இடுப்பு வளைவுல தட்டைப் பென்சில் எப்படிப் பொருந்தும்னு கேட்கலாம். அந்த வளைவுக்கு 100 மி.மீ. ஆரம்னு வச்சுக்கிட்டா, 7 மி.மீ. அகலப் பென்சிலால வர்ற இடைவெளி 0.06 மி.மீ. பென்சில் கோடே அதைவிடத் தடிமன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. லீட் முழு நீளத்துக்கும் வெளியில தெரியறதால பாலிஷ் மேல கறுப்பா பூசிவிடும். முனையை மட்டும் விட்டுட்டு மீதி மேல செல்லோடேப் ஒட்டிடுங்க. டேப்பைப் பென்சில்ல ஒட்டணும், கிட்டார்ல இல்லை. பழைய பாலிஷ் டேப்போடயே உரிஞ்சு வந்துடலாம்.

கருவியைவிட முக்கியம், கிட்டாரை எப்படிப் படுக்க வைக்கிறோம்ங்கிறது. இந்த மாதிரிப் பெரிய அக்கூஸ்டிக் பாடி பெரும்பாலும் கழுத்துப் பக்கம் சுமார் 100 மி.மீ. ஆழமும், அடிப்பக்கம் 120-ஐ ஒட்டியும் இருக்கும். பின்பலகை வேற லேசா தொப்பை போட்டிருக்கும். சும்மா மேசையில வச்சா ஆடும், முன்பலகையும் கழுத்துப் பக்கமா சரிஞ்சு நிக்கும். பக்கப் பலகை முன்பலகைக்குத்தான் செங்குத்து, உங்க மேசைக்கு இல்லை. 500 மி.மீ. நீளத்துல 20 மி.மீ. சரிவுன்னா, 100 மி.மீ. உயரத்துல 4 மி.மீ. விலகிடும். கழுத்துப் பக்கம் மடிச்ச துணியை அண்டக் கொடுத்து, முன்பலகை மேல ரசமட்டம் வச்சுப் பாருங்க. மேசையும் மட்டமா இருக்கான்னு முதல்ல பார்த்துக்கணும். போன்ல இருக்கிற லெவல் ஆப்கூடப் போதும், போட்டோ எடுக்காத போனுக்கு இந்த வேலையாவது கொடுப்போம். பழைய கிட்டார்ல பிரிட்ஜுக்குப் பின்னாடி பலகை உப்பியிருக்கும், அங்க வைக்காம ஓரமா வைங்க.

வரைஞ்சு முடிச்சதும் டெஸ்ட் கேஸ். ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருக்கிற ரெண்டு மூலைமட்டத்தை ரெண்டு பக்கமும் நிக்க வச்சு, நடுவுல இருக்கிற தூரத்தை அளந்து பேப்பரோட ஒப்பிடுங்க. மேல் அகலம், இடுப்பு, கீழ் அகலம்னு மூணு இடம். மூணும் 1 மி.மீ.க்குள்ள வந்தா பாஸ்.

கோடு அங்கங்க நடுங்கியிருந்தா, வளையற பிளாஸ்டிக் பட்டை ஒண்ணை அதோட ஓரத்துல வளைச்சுப் பிடிச்சு சீராக்கலாம். கிராஃபிக்ஸ்ல ஸ்பிளைன்னு சொல்றோமே, அந்தப் பேர் இப்படிப்பட்ட பட்டைக்குத்தான் முதல்ல இருந்தது. கப்பல் வரைபடம் போட்டவங்க மெல்லிய மரப்பட்டையை வளைச்சு, மேல எடைக்கட்டி வச்சு வரைஞ்சாங்க.

ஆனா சீராக்கறேன்னு இன்னொரு படி போயிடாதீங்க. பேப்பரை நடுக்கோட்டுல மடிச்சு ஜன்னல் வெளிச்சத்துல பார்த்தா, இடதும் வலதும் ஒண்ணா இருக்காது. கையால செஞ்ச கிட்டார் அப்படித்தான். பாதியை வச்சுக்கிட்டு மிரர் பண்ணிடலாம்னு கை துறுதுறுங்கும். புதுசா கிட்டார் செய்யறவங்க தாராளமா பண்ணலாம். பழசை ஒட்டப்போறவங்க பண்ணக்கூடாது, ஏன்னா பின்பலகையும் அதே கோணலோடதான் இருக்கு.

கடைசியா, பெட்டி செய்யணும்னு நினைக்கிறவங்களுக்கு. அங்க கோடு தள்ளி விழறதுதான் நமக்கு வேணும், சுத்தி வெல்வெட்டும் ஃபோமும் வைக்கணுமே. பேனா முனை நடுத்துளையில சரியா உட்கார்ற வாஷர் ஒண்ணு எடுத்து, அரைப் பென்சில்ல எடுத்த வடிவத்தை அட்டையில வெட்டி, அதோட ஓரமா உருட்டுங்க. 20 மி.மீ. வாஷர்னா சுத்தி 10 மி.மீ. இடம் கிடைக்கும். ஹார்ட்வேர் கடைக்குப் போறப்ப பேனாவைக் கையோட எடுத்துட்டுப் போங்க, கடைக்காரர் துளை அளவு கேட்பார்.