சின்னப் பையனின் முன்தோல் இறுக்கம்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்



இன்று நாம் பேசப்போவது பலர் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படும் ஒரு விஷயம். ஆண் பிள்ளைகளுக்கு ஏற்படும் முன்தோல் இறுக்கத்தைப் பற்றியும், அதற்காகச் செய்யப்படும் அறுவையைப் பற்றியும் பேசப்போகிறோம். வானொலிக்குப் பக்கத்தில் மாமியாரும் மருமகளும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இதைப் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். காது வலியைப் பற்றியும் வயிற்றுப்போக்கைப் பற்றியும் பேசுகிறோம் அல்லவா? இதுவும் உடம்பின் ஓர் உறுப்புத்தான். பேசாமல் மறைப்பதனால் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒன்றும் செய்யத் தேவையில்லாத பிள்ளையின் தோலை இழுத்துப் புண்ணாக்குகிறோம். மருத்துவரிடம் காட்ட வேண்டிய பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கிறோம்.

ஆண்குறியின் நுனியிலுள்ள மொட்டை மூடியிருக்கும் தோலுக்கு முன்தோல் என்று பெயர். பிறந்த குழந்தைக்கு இந்தத் தோல் மொட்டோடு ஒட்டிக்கொண்டே இருக்கும்; நகமும் அதன் அடிச் சதையும் ஒட்டியிருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர வளர, அந்த ஒட்டு தானாகவே விடுபடும். 1949-ஆம் ஆண்டில் டக்ளஸ் கெயிர்ட்னர் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறந்த குழந்தைகள் 100 பேரைப் பார்த்தால், முன்தோல் முழுமையாகப் பின்னே நகர்வது ஏறக்குறைய 4 பேருக்குத்தான் என்று அவர் கண்டார். மற்ற 96 பேருக்கும் நோயா? இல்லை. அதுதான் இயற்கை.

பின்னர் 1968-இல் டென்மார்க் நாட்டு மருத்துவர் ஓஸ்டர், பள்ளி மாணவர்களை ஆண்டுதோறும் பரிசோதித்து எழுதினார். ஆறு, ஏழு வயதுப் பையன்களில் நூற்றுக்கு 8 பேருக்குத் தோல் இறுக்கம் இருந்தது. பதினாறு, பதினேழு வயதில் அது நூற்றுக்கு ஒருவராகக் குறைந்துவிட்டது. ஆகவே மூன்று வயதிலோ ஐந்து வயதிலோ தோல் பின்னே போகவில்லை என்று பதற வேண்டியதில்லை. சில பிள்ளைகளுக்குப் பத்து வயது தாண்டியும் ஆகும்.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் பாட்டிமார்கள், மூக்கைப் பிடித்துவிடுவது போலவும் தலையை உருட்டிவிடுவது போலவும், தேங்காய் எண்ணெய் தடவி முன்தோலையும் பின்னே தள்ளிவிடுகிறார்கள். “இப்போதே தள்ளிவிட்டால்தான் பிறகு இறுகாது” என்பது அவர்கள் சொல்லும் காரணம். அன்பினால் செய்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒட்டியிருக்கும் தோலை வலிய இழுத்தால் அது கிழியும். கிழிந்த இடம் ஆறும்போது தழும்பாகும். தழும்பு விரிந்து கொடுக்காது. வளையம் போல இறுகிவிடும். இறுகக் கூடாது என்று செய்த வேலையே உண்மையான இறுக்கத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. தாய்மார்களே, பாட்டியிடம் சண்டை போட வேண்டாம். “அத்தை, டாக்டர் அதைத் தொடவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்” என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் எப்படிச் சுத்தம் செய்வது? மற்ற உறுப்புகளைக் கழுவுவது போல வெளியே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். பையன் வளர்ந்து தானே குளிக்கத் தொடங்கியபின், வலியில்லாமல் எவ்வளவு போகிறதோ அவ்வளவு மட்டும் தோலைத் தள்ளி, தண்ணீரால் அலசி, மறுபடியும் முன்னே கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையை அவன் மறக்கவே கூடாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

“தோலுக்கு அடியில் வெள்ளையாக உருண்டை உருண்டையாக இருக்கிறதே, சீழா?” என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். வலியும் சிவப்பும் இல்லையென்றால் அது சீழ் அல்ல. உதிர்ந்த தோல் செல்கள் சேர்ந்த அழுக்குத்தான். ஒட்டு விடுபடும்போது தானே வெளியே வந்துவிடும். சிறுநீர் கழிக்கும்போது நுனித்தோல் பலூன் போல உப்புவதும் அப்படித்தான். வலியில்லாமல், சிறுநீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் அதுவும் பெரும்பாலும் நாளடைவில் சரியாகிவிடும்.

மருத்துவரிடம் காட்ட வேண்டிய அடையாளங்கள் வேறு. பிள்ளை சிறுநீர் கழிக்க முக்கி அழுதால், அல்லது சிறுநீர் நூல் போல மெல்லியதாக வந்தால் காட்டுங்கள். நுனி சிவந்து, வீங்கி, சீழ் வடிந்தால் காட்டுங்கள். அது அடிக்கடி வந்தால் கட்டாயம் காட்டுங்கள். காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் சிறுநீரையும் சோதிக்கச் சொல்லுங்கள். முன்பு நன்றாகப் பின்னே போய்க்கொண்டிருந்த தோல் இப்போது போகாமல் இறுகி, நுனி வெளுத்துத் தடித்துத் தழும்பு போல இருந்தால், அது ஒருவகைத் தோல் நோயாக இருக்கலாம். அது தானாக ஆறாது. பெரும்பாலும் அறுவை தேவைப்படும்.

இனி, அவசரமானது ஒன்று. தோலைப் பின்னே தள்ளிய பையன் அதை முன்னே கொண்டுவராமல் விட்டுவிட்டால், அது மொட்டுக்குப் பின்னால் மோதிரம் போல மாட்டிக்கொள்ளும். விரலில் நூலை இறுக்கிக் கட்டினால் நுனி எப்படி வீங்குமோ, அப்படி மொட்டு வீங்கும். வீங்க வீங்கத் தோல் முன்னே வராது. இரத்த ஓட்டம் தடைப்பட்டால் உறுப்புக்கே ஆபத்து. இப்படி நேர்ந்தால், வீங்கிய இடத்தைக் கையால் சில நிமிடம் மெல்ல அமுக்கிப் பிடித்து, பிறகு தோலை முன்னே கொண்டுவரப் பார்க்கலாம். வரவில்லையென்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அன்றிரவே, தோட்டத்து லாரியோ பக்கத்து வீட்டுக் காரோ, எது கிடைத்தாலும் பிடித்து அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பெரிய பையன்கள் வெட்கப்பட்டு இதை மறைத்துவிடுகிறார்கள். “ஏதாவது ஆனால் அப்பாவிடம் சொல், திட்டமாட்டேன்” என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இறுக்கம் இருந்தால் உடனே கத்திதானா? இல்லை. இன்று மருத்துவர்கள் முதலில் கொடுப்பது பெரும்பாலும் ஒரு களிம்பு. பீட்டாமெத்தசோன் போன்ற மருந்து சேர்ந்த களிம்பு அது. இறுகிய இடத்தில் நாளைக்கு இரண்டு வேளை, நான்கு முதல் எட்டு வாரம் வரை தடவச் சொல்வார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதிலேயே தோல் இளகிவிடுகிறது. ஆனால் படை சொறிக்குப் பக்கத்து வீட்டார் வைத்திருக்கும் களிம்பை வாங்கித் தடவக் கூடாது. மருந்தின் வீரியமும் தடவும் நாட்களும் மருத்துவர் சொன்னபடி இருக்க வேண்டும்.

களிம்பால் சரியாகாதவர்களுக்கும், தழும்பு நோய் உள்ளவர்களுக்கும், அடிக்கடி சீழ் பிடிப்பவர்களுக்கும் முன்தோலை அகற்றும்படி மருத்துவர் சொல்வார். சிலருக்குத் தோலை அகற்றாமல், இறுகிய வளையத்தை மட்டும் கீறி அகலப்படுத்துவதும் உண்டு. அது பொருந்துமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

“ஐயா, சுன்னத்தா செய்யச் சொல்கிறீர்கள்? நாங்கள் இந்துக்கள் ஆயிற்றே!” என்று தகப்பன்மார்கள் திடுக்கிடுவது இந்தக் கட்டத்தில்தான். இந்தத் திடுக்கிடல் நமக்குப் புரிகிறது. நம் நாட்டில் பள்ளி விடுமுறைக் காலத்தில் கம்பத்து மலாய்ப் பிள்ளைகளுக்குச் சுன்னத்துக் கல்யாணம் நடப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வந்திருக்கிறோம். முன்பு தோக் முடிம் என்பவர் செய்வார். இப்போது பெரும்பாலும் கிளினிக்கில் செய்கிறார்கள். அவர்களுக்கு அது சமயக் கடமை. நாம் மதிக்க வேண்டிய கடமை. யூதர்களும் பிறந்த எட்டாம் நாளில் செய்கிறார்கள். ஆனால் மருத்துவமனையில் நோய்க்காகத் தோலை அகற்றுவது அந்தச் சடங்கு அல்ல. குடல்வால் அழற்சிக்கு வயிற்றைக் கிழித்தால் மதம் மாறிவிடுமா? ஒருவருடைய சமயம் அவர் நம்பிக்கையில் இருக்கிறது, தோலில் இல்லை. சம்மதப் பாரத்தில் ‘கத்தான்’ என்ற மலாய்ச் சொல்லோ ‘சர்க்கம்சிஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லோ இருக்கலாம். அந்தச் சொல்லைக் கண்டு மிரண்டு பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிள்ளையைச் சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் துடிக்கவிட வேண்டாம். உறவினர் என்ன பேசுவார்களோ என்ற பயம் இருந்தால், உறவினருக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தேவையில்லாமல், “எல்லாரும் செய்கிறார்கள், சுத்தம்” என்று மட்டும் கேட்டுச் செய்துகொள்வதையும் நாம் தூண்டவில்லை. 1940-களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த அறுவையின் காரணமாக ஆண்டுக்குச் சுமார் 16 சிறு குழந்தைகள் இறந்ததாகக் கெயிர்ட்னர் எடுத்துக்காட்டினார். இன்று மயக்க மருந்து எவ்வளவோ பாதுகாப்பானது. ஆயினும் கத்தி கத்திதான். இரத்தக் கசிவும் சீழும் சிலருக்கு வரத்தான் செய்கின்றன. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் மிகுந்த நாடுகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்கு அந்நோய் தொற்றுவதை இது ஏறக்குறைய 60 விழுக்காடு குறைக்கிறது என்று கண்டு, உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் அந்நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. அது முழுப் பாதுகாப்பு அல்ல. ஆணுறைக்கு மாற்றும் அல்ல.

சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் திறந்திருக்கும் குழந்தைக்கு முன்தோலை அகற்றவே கூடாது. அந்தக் குறையைச் சரிசெய்ய அதே தோல் தேவைப்படலாம். குடும்பத்தில் யாருக்காவது சின்னக் காயத்திலும் இரத்தம் நிற்காத நோய் இருந்தால், கேட்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அறுவை நாளைப் பற்றி: சிறு பிள்ளைகளுக்கு முழு மயக்கம் கொடுத்துச் செய்வார்கள், பெரியவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்வார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். மயக்கம் கொடுப்பதென்றால் வெறும் வயிறாக இருக்க வேண்டும். “பிள்ளை பசி தாங்கமாட்டானே” என்று பாட்டி ரகசியமாக ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் ஆபத்து. மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

வீட்டுக்கு வந்தபின் தொளதொளப்பான கைலி கட்டிவிடுங்கள். வலிக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. மூன்று நான்கு நாளில் மொட்டின்மேல் மஞ்சளாக ஒரு படலம் படரும். அது ஆறும் புண்ணின் அடையாளம், சுரண்டி எடுக்காதீர்கள். மஞ்சள் தூள், பச்சிலை, சாம்பல் எதையும் வைக்க வேண்டாம். முட்டை, மீன் கொடுத்தால் புண் சீழ் பிடிக்கும் என்பதும் வெறும் நம்பிக்கைதான். நன்றாகவே கொடுங்கள், புண் ஆறச் சத்து வேண்டும். தையல் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். முழுதும் ஆற இரண்டு வாரம் போல ஆகும். அதுவரை சைக்கிளும் ஆற்றுக் குளியலும் வேண்டாம். இரத்தம் சொட்டினால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ மருத்துவமனைக்குத் திரும்புங்கள்.

“ஆண்மை குறையுமா, பிள்ளை பிறக்குமா?” என்பது பெரியவர்கள் மெதுவான குரலில் கேட்கும் கேள்வி. ஆண்மையும் குறையாது, குழந்தைப் பேறும் தடைப்படாது. மணமானவர்கள் நான்கு முதல் ஆறு வாரம் வரை பொறுத்திருந்தால் போதும்.

பெரியவர்களுக்கு வேறொரு கேள்வியை நாம் திருப்பிக் கேட்க வேண்டும். இதுவரை சரியாக இருந்தவருக்கு நாற்பது, ஐம்பது வயதில் தோல் இறுகி, வெடித்து, அரிப்பும் புண்ணுமாக இருந்தால், இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்தீர்களா? நீரிழிவு நோய் பலருக்கு முதலில் தன்னைக் காட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். நம் நாட்டில் இந்தியர்களிடையே அது மிக அதிகம். சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் களிம்பை மட்டும் தடவிக்கொண்டிருந்தால் புண் போய்ப் போய் வரும்.

குடிமக்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் கட்டணம். தேவைப்பட்டால் அங்கேயே பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். பெயர் பதியும் இடத்தில் நாலு பேர் காதில் விழும்படி சொல்லக் கூச்சமாக இருந்தால், “பையனுக்குச் சிறுநீர் போகும் இடத்தில் கோளாறு, டாக்டரைப் பார்க்க வேண்டும்” என்று சொன்னாலே போதும். மற்றதை உள்ளே போய், கதவு சாத்தியபின் சொல்லிக்கொள்ளலாம்.