மாந்தையின் கருகிய கிராம்பு

இலங்கையின் மன்னார்க் கரையிலுள்ள சிலாவத்துறை என்றதும் முத்துக்குளிப்புத்தான் ஞாபகத்துக்கு வரும். இன்றைக்கு முத்து வேண்டாம், கிராம்பைப் பற்றிப் பேசுவோம்.

நம் கரையோரமாக வடக்கே போனால் திருக்கேதீச்சரம் கோயில். அதைச் சுற்றிய மேடுதான் மாதோட்டம் என்றும் சொல்லப்படும் பழைய மாந்தைத் துறைமுகம். சுற்றிலும் இரட்டை அகழி. 1980இல் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அங்கே அகழ்வைத் தொடங்கினார்கள்; 1984இல் உள்நாட்டு யுத்தம் அதை நிறுத்திவிட்டது. 2009, 2010இல் மீண்டும் தோண்டினார்கள்.

இந்த முறை மண்ணையும் விடவில்லை. தண்ணீரில் போட்டுக் கலக்கினார்கள். கல்லும் மண்ணும் அடியில் தங்க, கருகிய தானியம் மேலே மிதந்தது. அதை வலையில் அள்ளி, உலர்த்தி, நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். நெல்தான் அதிகம், சோறு அன்றும் சோறுதான்! கூடவே கோதுமை, திராட்சை விதை, மிளகு, ஒரேயொரு கிராம்பு.

அந்தக் கிராம்பு கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது. அந்நாளில் கிராம்பு விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். அங்கிருந்து கப்பலேறி வந்த சரக்கு, மாந்தையில் யாரோ ஒருவருடைய அடுப்பங்கரை நெருப்பில் தவறி விழுந்திருக்க வேண்டும். எரிந்து சாம்பலாகாமல் கரியானதால்தான் இத்தனை காலம் உக்காமல் கிடந்தது.