கதவு திறந்தால் போதுமா?



ஆதிகேசவப் பெருமாள் கோவில் இருக்கும் திருவட்டாறில் கூடியிருக்கிறோம். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகுதான் நம் முன்னோருக்கு இதுபோன்ற அரசுக் கோவில்களின் கதவு திறந்தது. இன்று இன்னொரு கதவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நம் ஒலிகள் வைக்கப்பட்டிருக்கும் அறையின் கதவு.

ஆர்னல்ட் பேக் 1930களின் இறுதியில் தென்னிந்திய இசையைப் பதிவு செய்தார். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் நம் மாவட்டத்து வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்டார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையமும் இத்துறையில் உழைத்திருக்கிறது. பாதுகாத்தவர்களுக்கு நன்றி. ஆனால் சேர்த்து வைத்ததை நாம் எப்படித் தேடுவது?

பட்டியலில் ஒரு சொல்லைத் தட்டித்தான் தேட வேண்டும். அந்தச் சொல்லை வைத்தவர் யார்? 'சாவு மேளம்' என்று ஒரே சீட்டு ஒட்டினால், சாமிக்கும் கல்யாணத்துக்கும் போராட்டத்துக்கும் அடித்த பறை அதற்குள் புதைந்துபோகும். பதிவு செய்தவரின் பெயர் நிற்கும். அடித்தவரின் பெயர் நிற்காது.

வேறு வழி உண்டு. கூகுள் வெளியிட்ட ஒரு சோதனையில் ஆயிரக்கணக்கான பறவை ஒலிகள் படங்களாகத் திரையில் பரப்பப்பட்டிருந்தன. ஒத்த ஒலிகள் அருகருகே இருந்தன. பெயர் தெரியாதவரும் படத்தைத் தொட்டு, கேட்டே தேடலாம். எழுத்தறியாத நம் பாட்டிமாருக்கும் அப்படி ஒரு திரை வேண்டும்.

எனினும் எச்சரிக்கையாக இருப்போம். கணினி அளப்பது சுருதியையும் அதிர்வையும்தான். இழுத்துப் பாடும் ஒப்பாரியையும் தாலாட்டையும் அது ஒரே மூலையில் வைத்துவிடலாம். எது எது என்பது பாடியவளுக்குத்தான் தெரியும். அவள் சொல்வதும் அவள் குரலிலேயே அங்கு கேட்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்கள் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2007இல் 'முகுர்த்து' காப்பகத்தை உருவாக்கியபோது, யார் எதைக் கேட்கலாம் என்ற தங்கள் விதிகளையே அதற்குள் வைத்தார்கள். நாமும் அதைத்தான் கேட்கிறோம். கருவி செய்யும் முதல் நாளிலேயே பறையடிப்பவரும் ஒப்பாரி பாடுபவரும் உடனிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு இருக்க வேண்டும்.

மாணவர்களே, உங்கள் கையில் அலைபேசி இருக்கிறது. இந்த வாரம் ஊரில் ஒரு பெரியவரிடம் போங்கள். பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். பிறகு அவர் பெயரை அவரையே சொல்லச் சொல்லுங்கள். நம் களஞ்சியம் அந்தப் பெயரிலிருந்து தொடங்கட்டும்.

ஜெய்பீம்.