கைக்கு எவ்வளவு வரும்? ஒரு கரன்சி டிரேடிங் திரையை மாத்தின கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே வைத்து, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

போன சில எபிசோடுகள்ல டேட்டாபேஸ், கியூ, கேஷ்னு பின்னாடி ஓடுற விஷயங்களையே பேசிட்டு இருந்தோம். இன்னைக்கு திரைக்கு முன்னாடி வரலாம். டாலரை வித்து ரூபாய் வாங்குற ஒரு ஸ்கிரீன். அதைப் புரியற மாதிரியும், யாருக்கும் போன் பண்ணாம தானே முடிச்சுக்கிற மாதிரியும் மாத்தணும்னா என்ன பண்ணணும்? நான் இருந்த ஒரு டீம்ல இந்த வேலையைப் பார்த்திருக்கேன். கம்பெனி பேர் வேண்டாம். கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

முதல்ல இதை யார் பயன்படுத்துறாங்கன்னு பார்க்கலாம். கரன்சி டிரேடிங்னு சொன்னதும் ஆறு மானிட்டர் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஒருத்தர்தான் நினைவுக்கு வருவார். ஆனா நிஜத்துல டாலரை ரூபாயா மாத்துறவங்கள்ல நிறைய பேர் டிரேடரே கிடையாது. திருப்பூர்ல பனியன் ஏத்துமதி பண்றவர், ஆம்பூர்ல தோல் பொருள் அனுப்புறவர், வீட்ல இருந்தே வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு கோடு எழுதுற ஃப்ரீலான்சர். இவங்களுக்கு மார்க்கெட் அன்னைக்கு எவ்வளவு ஏறுச்சுங்கறது முக்கியமே இல்லை. வந்த பணம் எவ்வளவு, அதுல கைக்கு நிக்கிறது எவ்வளவு, அவ்வளவுதான்.

பழைய திரை எப்படி இருந்தது?

இந்த மாதிரி திரைகள் பெரும்பாலும் டீலர்களுக்காகச் செஞ்சதோட குட்டி வடிவமாத்தான் இருக்கும். எங்க கையில இருந்ததும் அப்படித்தான். பிட், ஆஸ்க், ஹை, லோன்னு நாலு எண், நொடிக்கு நொடி பச்சையும் சிவப்பும் மாறி மாறி மின்னும். கீழே ‘அமௌன்ட்’னு ஒரு பெட்டி. அப்புறம் ‘பை’, ‘செல்’னு ரெண்டு பட்டன்.

இதுல முதல் சிக்கல் வார்த்தையிலயே இருக்கு. வங்கியோட ரேட் கார்டுல ‘டிடி பையிங் ரேட்’னு போட்டிருந்தா, அது வங்கி டாலரை வாங்குற விலை. ஏத்துமதி பண்றவர் விக்கிறவர். அவர் தன்னோட விலையைத் தெரிஞ்சுக்க ‘பையிங்’ங்கற பத்தியைப் பார்க்கணும்! பழகினவங்களுக்கு இது ஒண்ணுமே இல்லை. புதுசா வர்றவர் தப்பான எண்ணைப் பார்த்து மனக்கணக்குப் போட்டுட்டு, அப்புறம் கணக்குல குறைவா வந்ததும் வங்கிக்குப் போன் பண்ணுவார்.

ரெண்டாவது, அந்த ‘அமௌன்ட்’ பெட்டி. பத்தாயிரம்னு போட்டா அது பத்தாயிரம் டாலரா, பத்தாயிரம் ரூபாய்க்கான டாலரா? யென் வந்துட்டா இன்னும் குழப்பம். இந்தியாவுல யென் விலையை 100 யென்னுக்கு இவ்வளவு ரூபாய்னுதான் சொல்வாங்க. திரையில அது எழுதியிருக்காது.

மூணாவது, பணம் என்னைக்கு வரும்? கேஷ், டாம், ஸ்பாட்னு மூணு வகை. கேஷ்னா இன்னைக்கு, டாம்னா அடுத்த வேலை நாள், ஸ்பாட்னா ரெண்டு வேலை நாள் கழிச்சு. ஒவ்வொண்ணுக்கும் விலை கொஞ்சம் மாறும். டிவியில சொல்றது ஸ்பாட் விலை. இன்னைக்கே பணம் வேணும்னா வழக்கமா அதை விடக் கொஞ்சம் குறைவாத்தான் கிடைக்கும். இதைச் சொல்லாம விட்டா, வங்கி ஏமாத்திடுச்சுன்னு தோணும். தோணாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

ஒரு பெட்டி என்ன செய்யும்?

பெட்டிக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்குங்கறது சின்ன விஷயம்னு நினைச்சா, 2022 மே 2-ஆம் தேதி லண்டன்ல சிட்டி வங்கியில நடந்ததைப் பாருங்க. கரன்சி இல்லை, பங்கு வியாபாரம். ஆனா நோய் ஒண்ணுதான். ஒரு டிரேடர் 58 மில்லியன் டாலர் மதிப்புக்குப் பங்குகளை விக்க நினைச்சார். மதிப்பைப் போட வேண்டிய பெட்டிக்குப் பதிலா எண்ணிக்கையைப் போடுற பெட்டியில 58 மில்லியன்னு போட்டுட்டார். உருவான ஆர்டரோட மதிப்பு 444 பில்லியன் டாலர். உள்ளே இருந்த கட்டுப்பாடுகள் ஒரு பகுதியைத் தடுத்தது. ஆனாலும் அவர் ரத்து பண்றதுக்குள்ள 1.4 பில்லியன் டாலர் பங்குகள் வித்துப் போச்சு. சில ஐரோப்பியப் பங்குச் சந்தைகள் கொஞ்ச நேரம் சரிஞ்சு எழுந்தது. 2024 மே மாசம் பிரிட்டன் ஒழுங்குமுறை அமைப்புகள் போட்ட அபராதம் மொத்தம் 6.16 கோடி பவுண்ட்.

எச்சரிக்கை வரலையான்னு கேப்பீங்க. வந்தது! 711 எச்சரிக்கைகள் ஒரே பாப்-அப்ல வந்தது. அதுல முதல் 18 வரி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், மிச்சத்தைப் பார்க்க ஸ்க்ரோல் பண்ணணும். படிக்காமலே தாண்டிப் போகவும் முடியும். 711 எச்சரிக்கையும் எச்சரிக்கையே இல்லாததும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ‘இந்த ஆர்டரோட மதிப்பு 444 பில்லியன் டாலர்’னு ஒரே ஒரு வரி பெருசா வந்திருந்தா, யாரா இருந்தாலும் கை ஒரு நொடி நின்னிருக்கும்.

ரேட் வேண்டாம், தொகை சொல்லு

நாங்க புதுத் திரையோட மாதிரியை எடுத்துக்கிட்டு திருப்பூர்ல ஒரு ஏத்துமதி நிறுவனத்துக்குப் போனோம். அங்க கணக்கு பார்க்கிற ஒரு அக்காகிட்ட கொடுத்தோம். எங்க டிசைன்ல ரேட் நல்லாப் பெருசா, நாலு தசம எண்ணோட நடுவுல இருந்தது. அவங்க அதைப் பார்த்துட்டு, பக்கத்துல இருந்த கால்குலேட்டரை எடுத்தாங்க. ‘எதுக்குக்கா, ரேட்தான் இருக்கே’ன்னு கேட்டேன். ‘நான் ரேட்டு கேக்கலீங்க தம்பி. கைக்கு எவ்வளவு வருமுன்னு கேக்கறேன்’னாங்க.

அதுக்கப்புறம் திரையைக் கீழே இருந்து மேலே எழுதினோம். கடைசி வரிதான் முதல்ல முடிவாச்சு. கணக்குக்கு ஒரு உதாரணம் போடறேன். 20,000 டாலர் விக்கணும். சந்தை விலை 85 ரூபாய்னு வச்சுக்குவோம். வங்கி 30 பைசா மார்ஜின் எடுத்துக்கிட்டு 84.70 கொடுக்குது.

சந்தை விலையில 17,00,000 ரூபாய்.
வங்கி மார்ஜின் 6,000 ரூபாய்.
ஜிஎஸ்டி 1,114 ரூபாய் 92 காசு.
கைக்கு வர்றது 16,92,885 ரூபாய் 8 காசு.

அந்த ஜிஎஸ்டி எப்படி வந்ததுன்னு பல பேருக்குத் தெரியாது. கரன்சி மாத்துறதுக்கு மொத்தத் தொகையில 18 சதவீதம் கிடையாது. தொகையில ஒரு சின்னப் பகுதியைத்தான் சேவையோட மதிப்பா எடுத்துக்குவாங்க. பத்து லட்சத்துக்கு மேல போனா 5,500 ரூபாயும், பத்து லட்சத்தைத் தாண்டின தொகையில 0.1 சதவீதமும். இங்க 16,94,000-க்கு அது 6,194 ரூபாய். அதுல 18 சதவீதம்தான் வரி. இந்த விளக்கத்தை வரிக்குப் பக்கத்துலயே ஒரு சின்னக் கேள்விக்குறியில வச்சோம்.

பெரிய சண்டை வந்தது ரெண்டாவது வரியில. மார்ஜினைத் தனியாக் காட்டணுமா? பிசினஸ் பக்கத்துல ரொம்பத் தயங்கினாங்க. ‘காட்டினா எல்லாரும் பேரம் பேச வருவாங்க’ன்னாங்க. அந்தப் பயத்துல அர்த்தம் இருக்கு. ஆனா அந்த அக்காகிட்ட ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு பில்லுக்கும் அன்னைக்கு டிவியில சொன்ன ரேட், வங்கி கொடுத்த ரேட், வித்தியாசம், எல்லாம் பேனாவால எழுதி வச்சிருந்தாங்க. அதாவது பேரம் ஏற்கனவே நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. நோட்டு போடத் தெரிஞ்சவங்களுக்கு நல்ல விலை, தெரியாதவங்களுக்குக் கெட்ட விலை. மறைச்சு வைக்கிறதால வர்ற லாபம் முழுக்க அந்தத் தெரியாதவங்ககிட்ட இருந்துதான் வருது. நோட்டைப் படம் எடுத்துட்டு வந்து மீட்டிங்ல காட்டினோம். கடைசியில வரி திரையில வந்தது.

பட்டனை அழுத்தின அப்புறம்

இப்போ இன்ஜினியர்களுக்கான பகுதி. விலை நொடிக்கு நொடி மாறும்போது பயனர் எந்த விலைக்குச் சம்மதிச்சார்ங்கறது தெளிவா இருக்கணும். விரல் பட்டனுக்குப் போற நேரத்துல விலை மாறினா, ஓசைப்படாம புது விலையில முடிக்கக் கூடாது. சில நொடிக்கு விலையை நிறுத்திக் கொடுத்து, மீதி நேரத்தைக் காட்டணும். நேரம் முடிஞ்சா பட்டன் மங்கணும், புது விலைக்கு மறுபடி சம்மதம் கேக்கணும். பட்டன்ல ‘செல்’னு எழுதாம ‘20,000 டாலர் விற்கிறேன்’னு முழுசா எழுதினோம். ஏறுச்சா இறங்குச்சான்னு நிறத்தை மட்டும் வச்சுச் சொல்லவும் கூடாது. சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதவங்க நிறைய பேர் இருக்காங்க. ஒரு அம்புக்குறி சேர்த்தாப் போதும்.

எல்லாத்தையும் விட மோசமான நேரம் எது தெரியுமா? பட்டனை அழுத்தியாச்சு, நெட் போயிடுச்சு. திரையில ஒரு வட்டம் சுத்துது. வித்துடுச்சா இல்லையா? பதினேழு லட்ச ரூபாய் விஷயம். பதட்டத்துல மறுபடி அழுத்தினா ரெண்டு தடவை வித்துடும். இதுக்குத்தான் ஐடெம்பொடென்சி கீ. திரை திறக்கும்போதே அந்த ஆர்டருக்கு ஒரு தனி எண் கொடுத்துடணும். அதே எண் ரெண்டாவது தடவை சர்வருக்கு வந்தா, புது ஆர்டர் போடாம முதல் ஆர்டரோட பதிலையே திருப்பி அனுப்பணும். இது பின்னாடி ஓடுற வேலை. ஆனா பயனருக்கு இதைத் தமிழ்ல சொல்லணும்: ‘உங்கள் ஆர்டர் எங்களுக்கு வந்ததா என்று பார்க்கிறோம். மறுபடி அழுத்தினாலும் இரண்டு முறை விற்காது.’ அந்த ரெண்டாவது வாக்கியம் பாதிப் பதட்டத்தைக் குறைச்சிடும்.

தானே செய்துகொள்வது என்றால்

செல்ஃப் சர்வீஸ்னு சொல்லிட்டு, வங்கி ஊழியர் செய்ய வேண்டிய வேலையை வாடிக்கையாளர் தலையில கட்டுறதை நிறையப் பார்த்திருக்கேன். படிவம் அப்படியே இருக்கும், நிரப்புற ஆள் மட்டும் மாறியிருப்பார். நாங்க உதவி மையத்துக்கு வர்ற கேள்விகளைப் பட்டியல் போட்டோம். ஒவ்வொரு கேள்வியும் திரையில விட்டுப்போன ஒரு வரின்னு எடுத்துக்கிட்டோம்.

‘பட்டன் ஏன் வேலை செய்யலை?’ங்கற கேள்விக்கு வரம்பு தாண்டியிருக்கலாம், கேஒய்சி பழசாகியிருக்கலாம், சந்தை நேரம் முடிஞ்சிருக்கலாம். எதுன்னு பட்டனுக்குக் கீழேயே எழுதினா போன் வராது. ‘பர்ப்பஸ் கோடு என்ன போடறது?’ன்னு கேக்கற ஃப்ரீலான்சருக்கு நீளமான பட்டியலைத் திறந்து விடக் கூடாது. ‘பணம் எதுக்காக வந்தது?’ன்னு கேட்டு, ‘சாஃப்ட்வேர் வேலை’ன்னு சொன்னா பி0802-வைக் காட்டணும். ‘சரக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே வந்த அட்வான்ஸ்’னு சொன்னா பி0103. அதே சமயம் மனுஷரை எடுத்துடவும் கூடாது. பெரிய தொகை, முதல் தடவை, பணம் வரலைங்கற புகார், இந்த இடங்கள்ல போன் எண் ஒளிஞ்சிருக்காம கண்ணுக்கு நேரா இருக்கணும்.

ஏன் இப்போ முக்கியம்?

2019 ஆகஸ்ட் 5-ஆம் தேதி இந்தியாவுல எஃப்எக்ஸ்-ரீடெயில்னு ஒரு தளம் வந்தது. சிசிஐஎல் குழுமம் நடத்துறது. சாதாரண வாடிக்கையாளரும் தன் வங்கி மூலமாப் பதிவு பண்ணி, டாலர்-ரூபாய் ஆர்டரை நேரா சந்தையில போடலாம். யார் போட்டதுன்னு எதிர்ப்பக்கம் தெரியாது. வங்கியோட மார்ஜின் முன்கூட்டியே பேசி முடிவானது. விலையைத் திறந்து விட்டது ரொம்பப் பெரிய வேலை. அப்புறம் 2024 டிசம்பர் 6-ஆம் தேதி, இந்தத் தளத்தை பாரத் கனெக்ட்டோட இணைக்கப் போறதா ரிசர்வ் வங்கி அறிவிச்சது. கரண்ட் பில் கட்டுற மாதிரி செயலிகள் வழியாவே டாலர் வாங்க வழி பண்ணணும்ங்கறது நோக்கம்.

யோசிச்சுப் பாருங்க. இதுவரைக்கும் திரை புரியலைன்னா வங்கியில தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிடலாம். இனி ஒரு செயலி, ஒரு கட்டை விரல், ஒரு பட்டன். விலை திறந்திருந்தாலும் படிக்கத் தெரியலைன்னா அது மூடின மாதிரிதான். அந்தத் திரையை எழுதப் போறது நம்மள மாதிரி ஆட்கள்.

அதனால நிதி சம்பந்தப்பட்ட எந்தத் திரையில நீங்க வேலை பார்த்தாலும் மூணு கேள்வி வச்சுக்கோங்க. நான் என்ன கொடுக்கிறேன்? எனக்கு என்ன வரும், எப்போ வரும்? நடுவுல யார் எவ்வளவு எடுத்துக்கிறாங்க? பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி, கால்குலேட்டர் இல்லாம, இந்த மூணுக்கும் பதில் கிடைக்கணும். கிடைக்கலைன்னா வேலை இன்னும் முடியலைன்னு அர்த்தம்.

உங்க வங்கிச் செயலியில இந்த மூணு கேள்வியையும் இன்னைக்கே போட்டுப் பாருங்க. எதுக்குப் பதில் கிடைக்கலைன்னு எனக்கு எழுதுங்க, இன்னொரு எபிசோட்ல பேசலாம்.