சவலைப் பிள்ளையும் டின்பாலும்

(உலு யாம் வட்டாரத் தோட்டத் தாய்மார்கள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நம் பாட்டிமார் வாயில் வழங்கிய ஒரு சொல்லோடு தொடங்க விரும்புகிறேன். அடுத்த குழந்தை வயிற்றில் உண்டானதும் பால் மறக்கடிக்கப்பட்டு, மெலிந்து, எந்நேரமும் சிணுங்கும் மூத்த குழந்தையை அவர்கள் 'சவலைப் பிள்ளை' என்றார்கள். ஆப்பிரிக்காவில், இன்று கானா எனப்படும் நாட்டில், கா மொழி பேசுவோரும் இதே பிள்ளையின் நோய்க்கு 'குவாஷியோர்கர்' என்று பெயரிட்டிருந்தனர். அங்குப் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1933ஆம் ஆண்டில் அந்நோயை விவரித்து எழுதினார். 1935இல் அம்மக்களின் சொல்லையே மருத்துவ உலகிற்கு அளித்தார்.

அந்த அம்மையார் 1936இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். இங்கே அவர் கண்டது வேறொரு கொடுமை. தாய்ப்பாலுக்குப் பதிலாகச் சீனி கலந்த டின்பாலைக் கரைத்துப் புகட்டியதால் பச்சிளங் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்தன. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் அவர் பேசினார். தலைப்பே போதும், அவர் எவருக்கும் அஞ்சவில்லை.

இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டா. நான் பிறந்தது ஒரு பால்மரத் தோட்டத்தில். விடியுமுன் என் தாயார் பெரட்டுக்குப் போய்விடுவார்; என் தம்பி ஆயாக் கொட்டகையில் கிடப்பான். அவனுக்கு ஊட்டப்பட்டது தண்ணீரில் கரைத்த டின்பால்தான். கன்னமும் பாதமும் உப்பியபோது, "பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறானே!" என்று லயத்தில் எல்லாரும் மகிழ்ந்தோம். விரலால் அழுத்திய குழி மேலெழும்பவில்லை என்று கண்டுகொண்டவர் ஒரு மருத்துவத் தாதி. தம்பி பிழைத்தான். ஆனால் அவனைவிட இரண்டு வயது இளைய தங்கையின் தோளுக்குமேல் அவன் வளரவேயில்லை. என் தாயார் இறுதிவரை அதைப் பற்றிப் பேசமாட்டார்.

இன்று கடையில் விற்கும் இனிப்புக் கிரீமர் பாலே அன்று. பெரும்பாலும் சீனியும் செம்பனை எண்ணெயும்தான். குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்று டின்னிலேயே அச்சிட்டுள்ளனர். எழுத்து சிறியது, கண்ணாடி போட்டுக்கொண்டாவது படியுங்கள்.

நம் நாட்டில் கட்டடங்கள் உயர்ந்துவிட்டன, பிள்ளைகள் உயரவில்லை. 2022ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் 21.2 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருக்கின்றனர். 2016இல் இது 20.7 விழுக்காடு. அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. பள்ளிகளில் துணை உணவுத் திட்டம் 1979இல் தொடங்கியது. சத்துக் குறைந்த ஏழைக் குழந்தைகளுக்கு உணவுப் பொருள் வழங்கும் திட்டம் 1989இல் வந்தது. எனினும் வளர்ச்சி குன்றுவது பெரிதும் முதல் இரண்டு ஆண்டுகளில். பள்ளிக்கூடம் வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டா. அதன்பின் இரண்டு வயதுவரையேனும் தாய்ப்பாலோடு கட்டியான கஞ்சி கொடுங்கள். நீர்க்கஞ்சி வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது. பருப்பு, மசித்த முட்டை, உப்பு நீங்கக் கழுவி உலர்த்தி இடித்த நெத்திலித் தூள், முருங்கைக் கீரை ஆகியவற்றை அதில் சேருங்கள். முருங்கையில் பேய் குடியிருக்கும் என்றஞ்சி வாசலில் நின்ற மரத்தை வெட்டியெறிந்த ஒருவரை நான் அறிவேன். அவர் வீட்டுப் பேரனுக்கு இன்று இரத்தச்சோகை!

தந்தைமார்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். குழம்பிலுள்ள பெரிய மீன்துண்டு உங்கள் தட்டில் விழுவது வழக்கமாயிற்று. சிறிது பிய்த்து, முள் நீக்கிப் பிள்ளையின் சோற்றில் வையுங்கள்.

மண்டபத்தின் பின்புறம் எடைத் தராசும் உயரம் அளக்கும் பலகையும் வைக்கப்பட்டுள்ளன. கிளினிக் புத்தகத்தைக் கொண்டுவந்தோர் முதலில் வரலாம். கொண்டுவராதவர்களும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். புத்தகத்தில் பிறகு எழுதிக்கொள்ளலாம்.