தீர்மானத்தில் பிறந்த தெய்வம்

(கொருக்குப்பேட்டைக் கூட்டத்தில் பேசியது)



கரூர் அமராவதி ஆற்று மணலில் ரோமாபுரிச் செப்புக்காசுகள் அகப்பட்டிருக்கின்றன. காசுதானே என்று விட்டுவிடாதீர்கள். அதில் போட்ட உருவங்களின் யோக்கியதையைக் கேளுங்கள்.

அகஸ்டஸ் என்ற அரசர் கி.பி. 14-இல் செத்தார். ஒரு மாதத்துக்குள் செனட் சபை கூடி, இனி அவர் கடவுள் என்று தீர்மானம் போட்டது! பட்டத்துக்கு வந்த டைபீரியஸ், செத்தவர் தலைக்குக் கதிர்முடி சூட்டிச் செப்புக்காசு அடித்தார். பொன்னில் மட்டும் அடித்தால் கூலிக்காரன் எங்கே பார்க்கப் போகிறான்?

பிறகு கான்ஸ்டன்டைன் வந்தார். அவர் காசில் முதலில் சூரியக் கடவுள் துணைவர். கி.பி. 325 சுமாருக்குப் பின் அவரைக் காணோம். 337-இல் அரசர் செத்ததும் அடித்த காசில், தேரேறிப் போகிறவரை மேலிருந்து வேறொரு கடவுளின் கை அழைக்கிறது. ஆலையில் ஒருவனை நீக்கினால்கூட நோட்டீஸ் ஒட்டுகிறார்கள்; பாவம், சூரியனுக்கு அதுவுமில்லை!