கம்பெனிகளின் யோக்கியதாப் பத்திரம்



பொறுப்புள்ள வியாபாரம், உலகத்தைக் கெடுக்காமல் நிலைத்து நிற்கும் வியாபாரம் என்பதைப் பற்றி இன்று சர்வகலாசாலைகளில் ஏராளமான ஆராய்ச்சி நடக்கிறது. அதைப் பற்றிப் பேசும்படி நமக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். விஷயம் பெரிது. ஆகையால் நடந்த ஒரே ஒரு சங்கதியை எடுத்துக்கொண்டு நம் புத்திக்குப் பட்டதைச் சொல்லுகிறோம். ஒப்புவதும் தள்ளுவதும் உங்கள் இஷ்டம்.

ஒரு முதலாளி லாபம் சம்பாதித்ததோடு அவன் கடமை தீர்ந்ததா, அல்லது அவன் விடும் புகை யார் மூக்கில் போகிறது என்பதற்கும் அவன் ஜவாப்தாரியா என்பதே கேள்வி. ஜவாப்தாரிதான் என்று 1953-இல் ஹோவர்ட் போவன் என்னும் அமெரிக்கர் புத்தகம் எழுதினார். 1970-இல் மில்ட்டன் ஃபிரீட்மன் என்னும் பேராசிரியரோ, விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதே வியாபாரத்தின் பொறுப்பு என்றார். இன்று பெரிய கம்பெனிகள் தங்களை ஃபிரீட்மன் கட்சியென்று வெளியே சொல்லிக்கொள்ளுவதில்லை. பளபளப்பான காகிதத்தில் பச்சை மரத்தை அச்சடித்து, பூமியைத் தாங்களே காப்பாற்றுவதாக வருஷந்தோறும் அறிக்கை விடுகிறார்கள். விடட்டும். அது மெய்யா என்று பார்ப்பது யார்?

ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் என்று ஒரு மோட்டார் கம்பெனி. தங்கள் டீசல் வண்டிகள் சுத்தமானவையென்று அமெரிக்காவில் விளம்பரம் செய்து விற்றார்கள். மேற்கு வர்ஜீனியா சர்வகலாசாலையில் டான் கார்டர் என்பவருடைய சிறு கூட்டம் 2013-இல் இவ்வண்டிகளைச் சோதித்தது. அரவிந்த் திருவேங்கடம் என்பவரும் அதில் ஒருவர். அவர்கள் யாரையும் பிடிப்பதற்குப் புறப்பட்டவர்கள் அல்லர். அமெரிக்காவில் விற்கும் டீசல் வண்டி ஐரோப்பாவில் விற்பதை விடச் சுத்தமானது என்று காட்டலாம் என எண்ணியே அந்தச் சோதனை ஏற்பாடாயிற்று. புகை அளக்கும் கருவியை வண்டியின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, சாதாரண ரஸ்தாவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தெருக்களிலும் சியாட்டில் வரையிலும் ஓட்டினார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த மந்திரம்! சோதனைச் சாலையில் நிறுத்தி அளந்தபோது நன்றாகத் தேறிய அதே வண்டிகள், ரஸ்தாவில் நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் நச்சுப் புகையைச் சட்டத்தின் அளவுக்கு மேல் கக்கின. ஜெட்டா என்னும் வண்டி 15 முதல் 35 மடங்கு. பஸ்ஸாட் 5 முதல் 20 மடங்கு.

எப்படி? வண்டிக்குள் ஒரு கணினி இருக்கிறது. ஸ்டியரிங் திரும்புகிறதா, வேகம் என்ன, எவ்வளவு நேரமாய் ஓடுகிறது, காற்றழுத்தம் என்ன என்பவற்றைப் பார்த்து, "இது பரீட்சை" என்று கண்டுகொள்ளும்படி அதற்கு எழுதி வைத்திருந்தார்கள். பரீட்சையென்றால் புகை சுத்தமாகும். பரீட்சை முடிந்தால் பழைய குருடிதான். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் சரியாய் அளக்கும் கடைக்காரனை நாம் பார்த்திருக்கிறோம். அவன் படியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒட்டிய மெழுகு தெரிந்துவிடும். இங்கேயோ படியே கணினி எழுத்தாக இருக்கிறது. அதை வண்டிக்குச் சொந்தக்காரன் திறந்து பார்க்க அனுமதிக்கலாகாது என்று 2015 ஜூலையில் ஆட்சேபித்தது யார் தெரியுமா? புகையைக் கண்காணிக்க வேண்டிய அமெரிக்க சர்க்கார் இலாகாவேதான்! வண்டிக்காரன் கை வைத்துப் புகையை அதிகமாக்கிவிடுவானாம்.

2015 செப்டம்பர் 18-இல் அதே இலாகா கம்பெனிக்கு நோட்டீஸ் விட்டது. உலகமெங்கும் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இந்த ஏற்பாடு இருந்ததென்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. இனி வேடிக்கையைக் கேளுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்புதான், உலகத்து மோட்டார் கம்பெனிகளில் யோக்கியமானது இதுவே என்று டௌ ஜோன்ஸ் பொறுப்புடைமைப் பட்டியல் முதலிடம் கொடுத்திருந்தது! பெரும்பாலும் கம்பெனியே பூர்த்தி செய்து அனுப்பும் கேள்வித்தாளை வைத்துப் போட்ட மார்க் அது. அக்டோபர் 6 முதல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

இப்படிப்பட்ட மார்க்குகளின் யோக்கியதையை மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். ஆறு ஸ்தாபனங்கள் ஒரே கம்பெனிகளுக்குப் போட்ட மார்க்குகளை ஒப்பிட்டார்கள். முழு ஒற்றுமை இருந்தால் 1 வர வேண்டும். வந்ததோ சராசரி 0.54. ஒருவர் உத்தமன் என்கிற கம்பெனியை இன்னொருவர் அப்படிச் சொல்லுவதில்லை. ஜாதகம் பார்க்கிறவர்களாவது சில சமயம் ஒத்துப் போவதுண்டு.

வண்டிப் புகைதானே என்று சிலர் நினைக்கக்கூடும். 2008 முதல் 2015 வரை ஜெர்மனியில் விற்ற 26 லட்சம் வண்டிகள் சட்டத்துக்கு மேல் விட்ட புகையினால் மட்டும் ஐரோப்பாவில் சுமார் 1,200 பேர் அகாலத்தில் சாக நேரும் என்று அதே கழகத்தார் 2017-இல் கணக்கிட்டார்கள். செத்தவன் எந்த வண்டியால் செத்தான் என்று எந்த வைத்தியரும் சீட்டெழுத முடியாது. அந்தத் தைரியத்தில்தான் இந்த வியாபாரம் நடந்தது.

"ஜெர்மன்காரன் அமெரிக்கனை ஏமாற்றினால் நமக்கென்ன?" என்று ஒரு தோழர் கேட்கிறார். நியாயமான கேள்வி. 2015 டிசம்பரில் இந்தியாவிலும் 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைப்பதாகக் கம்பெனி அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மே மாதத்தில் கட்டாய நடவடிக்கை கூடாதென்று சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வைத்தது. வண்டியை ரஸ்தாவில் ஓட்டியே புகையை அளக்க வேண்டும் என்னும் விதி ஐரோப்பாவில் 2017 செப்டம்பரிலும், நம் நாட்டில் 2023 ஏப்ரலிலும் அமுலுக்கு வந்தது. கருவியைப் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிய அந்தச் சில வாலிபர்களுடைய வழிதான் இப்பொழுது சட்டமாயிருக்கிறது.